பழைய ஜப்பானிய வினைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் ஹெயன் காலத்து (சுமார் 794–1185) நூல்களைப் படிக்கத் தொடங்குபவர்களோடு உட்காரும்போதெல்லாம், நாங்கள் படித்த நாளில் நடந்த அதே தவறுகளைத்தான் பார்க்கிறேன். எழுத்துக்கூட்டல் பிசகுகள் பழகப் பழகச் சரியாகிவிடும். வினையின் கடைசியில் ஒட்டும் 'னு' அப்படி இல்லை.

'னு' என்றாலே 'இல்லை' என்று படிப்பது

இன்றைய ஜப்பானிய மொழியில் வினையோடு ஒட்டும் 'னு' எதிர்மறைதான். பழைய மொழியில் இரண்டு 'னு' உண்டு. ஒன்று, நம் 'விடு' போல வினை முழுமையடைவதைக் காட்டும் துணைவினை. இன்னொன்று, 'ஸு' என்ற எதிர்மறையின் பெயரெச்ச வடிவம்.

'இசெ மோனொகதாரி' என்ற பழைய கதைத் தொகுப்பின் 9ஆம் பகுதியில், சுமிதா ஆற்றங்கரையில் ஊரை நினைத்து ஏங்கி நிற்பவர்களைப் படகுக்காரர் அவசரப்படுத்துகிறார்: "ஹயா ஃபுனெ நி நொரெ, ஹி மொ குரெனு." இதை "பொழுது இன்னும் சாயவில்லை" என்று அண்மையில் ஒரு மாணவர் எழுதினார். பொழுது இருக்கிறதென்றால் படகுக்காரர் ஏன் விரட்டுகிறார்? அந்தக் கேள்வியே எழாமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல். அவர் சொல்வது, "சீக்கிரம் ஏறுங்க, பொழுது சாஞ்சிடும்!" சூரியன் இன்னும் மறையவில்லை என்பதையும் கவனியுங்கள். இந்த 'னு' இறந்தகால விகுதி அல்ல. தமிழில் 'வந்துவிட்டது', 'வந்துவிடும்' இரண்டிலும் 'விடு' இருக்கிறதே, அதுபோலத்தான்.

சரி, எப்படிப் பிரிப்பது? முதலில், 'னு'வுக்கு முன்னால் நிற்கும் வினை வடிவம். அது ரென்யோகே (அடுத்த வினையோடு இணையும் வடிவம்) என்றால் 'விடு'. மிஸென்கே (இன்னும் நடக்காததைக் குறிக்கும் வடிவம்) என்றால் எதிர்மறை. 'கினு' வந்துவிட்டது, 'கொனு' வராத. கான்ஜியில் (சீன எழுத்துகளில்) இரண்டையும் ஒரே மாதிரி எழுதலாம் என்பதால் வாய்விட்டுப் படிக்காதவர்கள் இங்கே விழுகிறார்கள். 'கொகின்ஷூ' என்ற கவிதைத் தொகுப்பின் 'அகி கினு தொ' பாடலில் இலையுதிர்காலம் வந்துவிட்டது. கவிஞர் தெய்காவின் 'கொனு ஹிதொ வொ' பாடலில் அந்த ஆள் வரவே இல்லை.

'குரெ' போன்றவற்றில் இரு வடிவமும் ஒன்றே. அப்போது 'னு' நிற்கும் இடத்தைப் பாருங்கள். வாக்கியம் அங்கே முடிந்தால் 'விடு', பெயர்ச்சொல் தொடர்ந்தால் எதிர்மறை. முன்னால் 'ஸொ', 'நமு', 'யா', 'கா' என்ற இடைச்சொற்கள் வந்தால் மட்டும் கணக்கு மாறும். வாக்கியமே பெயரெச்ச வடிவில் முடிவதால், கடைசியில் நிற்கும் 'னு' எதிர்மறை. 'விடு' என்றால் 'னுரு' வரும். 'அகி கினு' பாடல் 'ஒதொரொகரெனுரு' என்று முடிவது 'ஸொ'வால்தான். அதே பாடலின் நடுவே 'மியெனெதொமொ' என்று எதிர்மறையும் இருக்கிறது. அந்த ஒரு பாடலை மனப்பாடம் செய்யுங்கள்.

'கி', 'கெரி' இரண்டையும் வெறும் இறந்தகாலமாக்குவது

இரண்டும் நடந்ததைச் சொல்லும் துணைவினைகள். 'கி' பெரும்பாலும் தானே அனுபவித்தது. 'கெரி' கேள்விப்பட்டது, அல்லது அப்போதுதான் உறைத்தது. கேள்விப்பட்டதாகச் சொல்லப்படும் பழங்கதையான 'தகெதொரி மோனொகதாரி'யின் முதல் வாக்கியம் 'அரிகெரி' என்று முடிவதைப் பாருங்கள்.

'ரி'யை எல்லா வினையோடும் ஒட்டுவது

ஒரு நிலை தொடர்வதைக் காட்டும் துணைவினை 'ரி'. அது ஒட்டுவது யொதான் வினைகள் (ஈறு அ, இ, உ, எ என நான்கு உயிரொலிகளில் மாறுபவை), 'செய்' என்ற பொருளுள்ள 'சு' வினை. அவ்வளவுதான்.