பொற்கொல்லன் ஏன் பொய் சொன்னான்? பேராசைக் கதைகளை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் பட்டிமன்றத் தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை. 'மனிதனைக் கெடுப்பது செல்வமா, வறுமையா?' என்பது கோயில் திருவிழாப் பந்தல் தொடங்கிக் கல்லூரி ஆண்டு விழா வரை சலிக்காமல் சுற்றிவரும் தலைப்பு. மேடைக்கு அது நல்ல தலைப்புதான். அதே இரண்டு அணிக் கண்ணோடு பழைய பெருங்கதைகளைத் திறக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. எங்கள் வாசகர் கூட்டத்துக்கு மாணவர்கள் எழுதிக்கொண்டுவரும் கட்டுரைகள் பெரும்பாலும் 'பேராசை பெருநஷ்டம்' என்று தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. கதையில் என்னதான் நடந்தது என்பது நடுவில் எங்கோ நசுங்கிக் கிடக்கும்.

முதல் தவறு, பணம் உள்ளவனையே பேராசைக்காரனாக வைத்துக்கொள்வது. சிலப்பதிகாரத்தில் செல்வம் கோவலனிடம் இருக்கிறது. பூம்புகாரின் பெருவணிகர் மாசாத்துவானின் மகன். அவன் பொருளைத் தொலைத்தானே தவிர, அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்பட்டவன் அல்லன். குன்றுபோல் இருந்த குலச்செல்வம் தொலைந்த வறுமை நாணத்தைத் தருகிறது என்று கண்ணகியிடம் தானே சொல்கிறான். ஊதாரித்தனமும் பேராசையும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் காப்பியத்தின் உண்மையான பேராசைக்காரன் நம் கண்ணிலிருந்து தப்பிவிடுவான்.

அப்படி ஒருவன் தப்பும்போது பழி மாதவி தலையில் விழுகிறது. 'பணத்துக்காக மயக்கியவள்' என்று ஒரு வரியில் அவளை முடித்துவிடுகிறார்கள். கூத்திலும் நாடகத்திலும் கேட்ட மாதவி, காப்பியத்து மாதவியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய மாலைக்கு 1008 கழஞ்சு பொன் விலை வைத்தது உண்மை. வீதியில் நின்று அதை விற்றவள் ஒரு கூனி. ஆனால் மதுரைக்கு வரும் வழியிலேயே மாதவியின் ஓலை கோவலன் கைக்கு வருகிறது. படித்துவிட்டு, அவளிடம் தீதில்லை, தீது என்னுடையது என்று உணர்கிறான். மதுரைக் கோட்டைக்குள் காலடி வைப்பதற்கு முன்பே அவனே தீர்ப்புச் சொல்லிவிட்ட வழக்கு இது. நாம் எதற்காக மேல்முறையீடு செய்ய வேண்டும்?

சரி, அந்தப் பொற்கொல்லன். இவனிடம் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். கோவலன் வீதியில் முதன்முதலில் பார்க்கும்போது அவன் சட்டை அணிந்து, கையில் கோலோடு, நூறு கொல்லர்கள் பின்னால் வர ஒதுங்கி நடந்து வருகிறான். வயிற்றுக்கில்லாமல் திருடியவன் அல்லன். அரண்மனை வேலைக்காரன், ஊர் மதிக்கும் ஆள். பாண்டியன் தேவியின் காற்சிலம்பை ஏற்கெனவே களவாடி வைத்திருக்கிறான். கோவலன் நீட்டும் சிலம்பைப் பார்த்ததும் அவன் மனத்தில் என்ன ஓடுகிறது என்று இளங்கோ காட்டுகிறார்: 'நான் ஒளித்துவைத்த சிலம்பு வெளிப்பட்டு மன்னனுக்குத் தெரிவதற்குள், இந்த அயலூர்ப் புதியவனைக் காட்டித் தப்பிக்கொள்வேன்.'

இந்த இடத்தை 'பேராசையால் பொய் சொன்னான்' என்று எழுதுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. கோவலன் சாவதால் பொற்கொல்லனுக்கு ஒரு குன்றிமணிப் பொன்கூடக் கிடைக்கப்போவதில்லை. கண்ணகியின் சிலம்பு நேரே அரண்மனைக்குப் போகிறது. தேவியின் சிலம்பைத் திருடவைத்தது ஆசை. கோவலனைக் கொல்லவைத்தது மாட்டிக்கொள்வோம் என்ற அச்சம். சொத்தைப் பற்றிய நல்ல கதைகளில் ஆளைக் கெடுக்கும் வேலையைப் பெரும்பாலும் இந்த இரண்டாம் படிதான் செய்கிறது. அச்சம், வெட்கம், மூடி மறைக்கும் அவசரம் என்று அது வேறு வேறு வேடத்தில் வரும். பேராசை என்று பெயர் சூட்டிவிட்டு நகர்ந்தால் இது எதுவும் கண்ணில் படாது.

கூடவே இன்னொரு தவறு, ஒருவனுடைய ஆசையே எல்லாவற்றையும் செய்துவிட்டதாக நினைப்பது. பழங்காநத்தத்துக் கோவலன் பொட்டலைக் காட்டி, 'இங்கேதான் வெட்டினார்கள்' என்று மதுரைக்காரர்கள் சொல்வதுண்டு. எங்கே வெட்டினார்கள் என்பதைவிட, எப்படி வெட்ட முடிந்தது என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. காவலர்கள் கோவலனைப் பார்த்ததுமே, 'இவன் கொலைப்படு மகன் அலன்' என்கிறார்கள். பொற்கொல்லன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்கு உதவும் எட்டையும் அடுக்கிப் பாடம் எடுக்கிறான். அவர்கள் தயங்கும்போதே கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். மன்னனோ தேவியின் ஊடலைத் தீர்க்கும் அவசரத்தில் போய்க்கொண்டிருந்தவன். தீர விசாரிக்காமல், சிலம்பு கள்வன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவருக என்றான். ஒருவனுடைய களவுக்கு இத்தனை பேரின் அவசரமும் அலட்சியமும் தேவைப்பட்டிருக்கின்றன.

கதை இதோடு முடியவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்னர் கொற்கையிலிருந்த பாண்டியன் வெற்றிவேற் செழியன், பத்தினிக்குச் சாந்தி செய்ய ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டதாகச் சிலப்பதிகாரமே சொல்கிறது. ஒருவனுடைய குற்றத்தை ஒரு தொழிலின் குணமாக்கும் வேலை அன்றே நடந்திருக்கிறது. கட்டுரைகளில் இன்றும் 'பொற்கொல்லர்களின் பேராசை' என்று பன்மையில் எழுதுகிறார்கள். தெற்காவணி மூல வீதியில் நெடுங்காலம் நகை வேலை செய்த பெரியவர் ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வருவார். அப்படியொரு கட்டுரையை வாசித்த மாணவனிடம், "தம்பி, திருடினது ஒரு ஆள். மீதி 999 பேர் என்ன செய்தார்கள்?" என்று கேட்டார். அந்தப் பையன் பன்மை விகுதியை அங்கேயே அடித்துவிட்டான்.

பணம் வந்த நாளிலிருந்து கணக்குத் தொடங்குவதும் ஒரு தவறு. சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' (1861) நாவலில் பிப் என்ற கொல்லுப்பட்டறைச் சிறுவனுக்கு எதிர்பாராமல் செல்வம் வருகிறது. அதனால் அவன் மாறிவிட்டான் என்று எழுதுவார்கள். பக்கங்களைப் புரட்டிப் பின்னால் போய்ப் பாருங்கள். பணக்கார வீட்டில் சீட்டாடும்போது எஸ்டெல்லா என்ற சிறுமி அவனுடைய முரட்டுக் கைகளையும் தடித்த காலணிகளையும் கேலி செய்கிறாள். வளர்த்த ஜோவை நினைத்து அவன் கூசத் தொடங்குவது அன்றைக்குத்தான். செல்வம் வருவதோ சில ஆண்டுகள் கழித்து. பின்னாளில் ஜோ லண்டனுக்குப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், பணம் கொடுத்துத் தடுக்க முடியுமென்றால் கொடுத்திருப்பேன் என்கிறான் பிப். வெட்கம் முன்பே இருந்தது. செலவழிக்கக் காசு மட்டும் புதிது.

கஞ்சன் என்றாலே வில்லன் என்று எழுதுபவர்கள் ஜார்ஜ் எலியட்டின் 'சைலஸ் மார்னர்' நாவலைப் படிக்கலாம். அந்த நெசவாளி பொற்காசுகளைக் கொட்டி எண்ணுவது, செய்யாத திருட்டுக்குப் பழி சுமந்து, நண்பனையும் நம்பிக்கையையும் இழந்து, வேற்றூருக்கு வந்த பிறகுதான்.

டால்ஸ்டாய் 1886-இல் எழுதிய நிலக் கதையில் எல்லோரும் கடைசிப் பக்கத்தையே சொல்கிறார்கள்: பாகோம் என்ற விவசாயி, சுற்றி வந்த நிலமெல்லாம் தனக்கே என்பதால், சூரியன் மறைவதற்குள் நிலத்தை வளைக்க ஓடி ஓடிச் செத்தான். எனக்குப் பிடித்தது நடுவில் வரும் இடம். பக்கத்துப் பண்ணையில் தன் மாடு மேய்ந்ததற்காகத் தண்டம் கட்டிக் கட்டி நொந்தவன் அவன். சொந்த நிலம் வாங்கியதும், மாடு மேயவிட்ட ஏழைகள் மீது அவனே வழக்குப் போடுகிறான். வயலில் மாடு இறங்கிய சண்டைகளைப் பார்த்து வளர்ந்த மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து வாசகருக்கு உரை தேவைப்படாத இடம் இது.

கடைசியாக, ஆளையே பார்த்து ஊரைப் பார்க்காமல் விடுவது. மணிமேகலையில் ஆபுத்திரன் தென்மதுரையில் அமுதசுரபியால் பசித்தவர்களுக்குச் சோறிடுகிறான். பன்னிரண்டு ஆண்டு வறண்டு கிடந்த பாண்டிய நாட்டில் இந்திரன் மழை பெய்விக்க, ஊரெல்லாம் வளம் கொழிக்கிறது. பசியே இல்லை. பசித்தவர் தங்கிய அம்பலங்களில் வீணர்கள் கூடிச் சூதாடிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். உண்பவர் உண்டா என்று ஊர் ஊராகக் கேட்டுப் போகும் ஆபுத்திரனை 'யார் இவன்' என்று இகழ்கிறார்கள். செல்வம் மனிதரை என்ன செய்கிறது என்பதற்குத் தமிழில் இதைவிடக் கூர்மையான இடம் எனக்குத் தெரியாது. ஆனால் கட்டுரைகளில் இது வருவதே இல்லை. இங்கே திருடனும் இல்லை, கஞ்சனும் இல்லை. பழி போட ஒரு பெயர் கிடைக்காததால் தாண்டிப் போகிறார்கள் என்று நினைக்கிறேன்.