பழைய மேசைக் கணினிக்கு யூஎஸ்பி போர்ட் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2002இல் ஏ9 பாதை திறந்த பின்னர் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கும் தட்டச்சு நிலையங்களுக்கும் வந்து சேர்ந்த மேசைக் கணினிகளிற் சில இன்னமும் இயங்குகின்றன. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோயில் மலர்களும், அந்தியேட்டிக்கு அச்சிட்ட கல்வெட்டு எனப்படும் நினைவு நூல்களும், ஆசிரியர்களின் பாடக்குறிப்புகளும் அவற்றின் வன்தட்டுகளிலேயே கிடக்கின்றன. அவற்றை வெளியே எடுப்பதற்காகவே பலர் கணினிக்குள் பூட்டி யூஎஸ்பி போர்ட் பெறும் அட்டையைத் தேடுகிறார்கள். முதற் தவறு இதுதான். கோப்புகளை ஒருமுறை எடுப்பது மட்டுமே தேவையென்றால், வன்தட்டைக் கழற்றி, தனி மின்வழங்கியுடன் வரும் ஐடிஇ மாற்றி (பழைய வகை வன்தட்டை யூஎஸ்பியில் இணைக்கும் கருவி) ஒன்றின் மூலம் வேறொரு கணினியில் இணைத்தாலே போதும். அட்டை பூட்ட முடிவெடுத்தவர்களும் இந்தப் பிரதியை எடுத்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

பெட்டியைத் திறந்து பார்க்காமல் அட்டை வாங்குவது அடுத்த தவறு. அக்காலத் தாய்ப்பலகைகளில் (மதர்போர்ட்) அட்டை செருகுவதற்கு இருப்பது பெரும்பாலும் வெள்ளை நிறப் பிசிஐ ஸ்லொட். இன்று கடைகளில் எளிதாகக் கிடைக்கும் யூஎஸ்பி 3.0 அட்டைகளோ பிசிஐ எக்ஸ்பிரஸ் வகையைச் சேர்ந்தவை, அதிற் பொருந்தா. சாதாரண பிசிஐயின் உச்ச வேகமே விநாடிக்கு 133 மெகாபைட்தான் என்பதால், 2000இல் வெளிவந்த யூஎஸ்பி 2.0 தரத்துக்கான பிசிஐ அட்டையே இந்தக் கணினிகளுக்குத் தகுந்தது.

பணிசெயல் முறைமையையும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் என்ரி (NT) 4.0இல் யூஎஸ்பி ஆதரவே இல்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் யூஎஸ்பி 2.0 இயங்க, சேர்விஸ் பக் எனப்படும் மேம்படுத்தல் தொகுப்புகளில் முதலாவதாவது வேண்டும். விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் அட்டைக்கு ஒரு டிரைவரும் (கருவியை இயக்கும் மென்பொருள்) பென்ட்ரைவுக்கு வேறொரு டிரைவரும் நிறுவ வேண்டியிருக்கும். அந்த டிரைவர்களைப் பென்ட்ரைவில் கொண்டுவந்தால் கணினி அதை வாசிக்காது. ஆகவே சீடியில் எழுதி வைத்துக்கொள்வதே வழி.

மிகப் பெரிய சேதம், அட்டையோடு நில்லாமல் கணினிப் பெட்டியின் முன்பக்கப் போர்ட்டின் வயர்களையும் தாய்ப்பலகையிற் செருகும்போதுதான் நேர்கிறது. இன்று 9 ஊசிகளின் ஒழுங்கு ஒரே மாதிரியாக இருந்தாலும், பழைய பலகைகளில் அது உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் மாறியது. போதாததற்கு, சில பலகைகளில் அதே தோற்றமுள்ள, பயர்வயர் என்ற வேறு வகை இணைப்பும் பக்கத்திலேயே இருக்கும். அதில் 12 வோல்ட் வருவதால், யூஎஸ்பி வயரை அங்கு மாற்றிச் செருகினால் இணைக்கும் கருவி எரிந்துபோகும். வயரின் நிறத்தை மட்டும் நம்பி நான் ஒருமுறை சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றிச் செருகினேன். பென்ட்ரைவ் சில விநாடிகளிலேயே கொதித்தது. அதிலிருந்த அம்மம்மாவின் படங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. பலகையின் கையேட்டையோ அதில் அச்சிட்ட குறிகளையோ பார்த்துச் செருகிய பின்னரும், போர்ட்டில் மின்சாரம் தரும் முதலாம், நான்காம் முனைகளுக்கிடையே மல்டிமீற்றர் 4.75 முதல் 5.25 வோல்ட் வரை காட்டுகிறதா என்று அளக்காமல் எதையும் இணைக்கக் கூடாது.

கணினியை நிறுத்தியிருந்தாலும் பிளக் சுவரில் இருக்கும்வரை ஏடிஎக்ஸ் மின்வழங்கியிலிருந்து 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் பலகைக்கு வந்துகொண்டேயிருக்கும். அந்த நிலையில் அட்டையைச் செருகிப் பலகையைப் பழுதாக்கியவர்கள் உண்டு. பிளக்கைக் கழற்றிய பின்னரே கை வைக்க வேண்டும். குருநகர், பருத்தித்துறை போன்ற கரையோரங்களில் உப்புக் காற்றால் ஸ்லொட்டின் தொடுமுனைகள் கறுத்திருக்கும். ஐசோப்ரொப்பைல் அல்ககோலால் துடைத்து, நன்கு உலர்ந்த பின்னரே அட்டையைப் பொருத்தலாம்.

இப்படிச் சேர்த்த போர்ட்டிலிருந்து கணினியைத் தொடக்க முடியுமென்று எதிர்பார்க்க வேண்டாம். பழைய பயோஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) பொதுவாக இந்த அட்டையைக் கண்டுகொள்ளாது என்பதால், பயோஸ் அமைப்புக்குள் செல்வதற்குப் வட்ட முனையுள்ள பழைய பிஎஸ்2 விசைப்பலகையைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். பென்ட்ரைவை எப்ஏடி32 முறையில் போர்மற் செய்யுங்கள். அதில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பு அடங்காது. எல்லாம் பூட்டி முடிந்ததும், இழந்தாலும் பரவாயில்லாத ஒரு மவுசையே முதலில் செருகிப் பார்க்க வேண்டும். அது ஒழுங்காக இயங்கினால் வெறுமையான பென்ட்ரைவ் ஒன்றைச் செருகலாம்.