ஸ்டெல்வியோ இறக்கத்தில் தொய்ந்த ப்ரேக்

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம். பிராட்டோ பக்கம் இறங்கினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். பைக்கின் பின்சீட்டில் ஆள், இருபுறமும் பெட்டி. முழு பாரத்தோடு இறங்கும்போது பாதி வழியில் பின் ப்ரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. பேடு தேயவில்லை, கசிவும் இல்லை.

காரணம் பழைய ப்ரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 (ப்ரேக் ஆயிலின் ஒரு தரம்) ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கலாம். கொதித்தால் லைனுக்குள் குமிழி. அமுக்கினால் குமிழிதான் நசுங்கும், பேடை அழுத்தும் பிஸ்டன் தள்ளாது.

டிஸ்க் தானாக ஆறும்வரை வண்டியை நிறுத்தினேன் (தண்ணீர் ஊற்றினால் கோணிவிடும்). பெடல் திரும்பியது. மீதி இறக்கம் இரண்டாம் கியரில். வளைவுக்கு முன் மட்டும் அழுத்திப் பிடித்து உடனே விட வேண்டும்.

அடிவாரத்தில் ஆயில் மாற்றினேன். 8 எம்எம் ரிங் ஸ்பேனர், உள்ளே தெரியும் டியூப், கால் லிட்டர் டாட் 4 போதும். பெடலை அமுக்கி, ஆயில் வெளியேறும் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, மூடி, பிறகே பெடலை விடணும். வண்டியின் ப்ரேக் ஆயில் டப்பாவில் ஆயில் வற்றினால் காற்று புகும், மறுபடி முதலிலிருந்து. டீ நிறத்தில் வந்த ஆயில் வெளிர் மஞ்சளானதும் நிறுத்தலாம். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். டாட் 5 சிலிக்கோன் வகை; இதோடு கலக்கவே கூடாது.