கடைசிப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்: குட்டி ரயிலில் விளக்கு எரிய வைக்கும் வேலை

குட்டி ரயிலுக்கு விளக்குப் போட ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் எஞ்சினின் ஹெட்லைட்டில்தான் கை வைக்கிறார்கள். நான் கடைசிப் பெட்டியில் தொடங்கச் சொல்வேன். கார்டாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் வேறு என்ன சொல்வான் என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் வண்டி முழுசாக வந்து சேர்ந்ததா, நடுவில் ஏதாவது பெட்டி கழன்று நின்றுவிட்டதா என்பதை ஸ்டேஷனில் இருப்பவர்கள் கடைசிப் பெட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். பகலில் எல்.வி. (லாஸ்ட் வெஹிக்கிள், அதாவது கடைசிப் பெட்டி) என்று எழுதிய பலகை, ராத்திரியில் சிவப்பு டெயில் லேம்ப். அது கண்ணில் படாதவரை பின்னால் வரும் வண்டிக்கு வழி விட மாட்டார்கள். மாடல் ரயிலிலும் கைப்பழக்கம் வருவதற்கு இதுதான் சுலபமான வேலை. ஒரு எல்ஈடி, கரண்டைக் கட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர், ஒரு பட்டன் செல், ஒரு குட்டி ஸ்விட்ச். தண்டவாளத்திலிருந்து கரண்ட் எடுக்கிற தலைவலி இப்போதைக்கு வேண்டாம்.

நான் சொல்லும் கணக்கெல்லாம் எச்ஓ அளவுக்கு. அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பெட்டி, முனையில் இடி தாங்கும் பஃபரோடு சேர்த்து 22 மீட்டர் சொச்சம். மாடலில் அது 25 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நம் ஊர்ப் பெட்டிகள் இந்த அளவில் கடையில் லேசில் கிடைப்பதில்லை என்பதால் நான் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி ஒட்டி, சக்கரங்களை மட்டும் வாங்கிப் போடுகிறேன். நீங்கள் எந்த நாட்டுப் பெட்டியை வைத்திருந்தாலும் சரி, உடல் தனியாகக் கழன்று வந்தால் போதும். கார்டு அறையும் லக்கேஜ் அறையும் உள்ள எஸ்.எல்.ஆர். பெட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. அதில் லக்கேஜ் அறைக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. செல், ஸ்விட்ச், ஒயர் எல்லாவற்றையும் அங்கே ஒளித்துவிடலாம்.

எல்ஈடியில் 0603 என்று கேட்டு வாங்குங்கள். நீளம் 1.6 மில்லிமீட்டர், அகலம் 0.8. அதை 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் வரும். நிஜ விளக்கின் கண்ணாடி அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று 3 மில்லிமீட்டர் எல்ஈடியை வாங்கி மாட்டினால், பெட்டியின் பின்னால் கால் மீட்டருக்கு மேல் அகலமான சிவப்புச் சட்டி தொங்கும். கடலூரிலும் புதுச்சேரியிலும் கடைகளில் 0603 கேட்டால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்களிடம் சொல்லி விடலாம், இல்லாவிட்டால் ஆன்லைனில் ஒயர் பற்றவைத்தே விற்கிறார்கள். முதல் தடவைக்கு ஒயரோடு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீங்களே பற்றவைப்பதென்றால் முதல் வேலை, மின்விசிறியை நிறுத்துவது. எல்ஈடி பறந்து போனால் தரையில் தேடிக் கிடைக்காது. கெட்டியான அட்டையில் டபுள் டேப் ஒட்டி, எல்ஈடியைக் குப்புறப் படுக்க வைத்து அழுத்துங்கள். ஒயருக்கு மோட்டார் காயில் கட்டும் கடையில் மிச்சம் கிடக்கும் மெல்லிய எனாமல் கம்பியே போதும். ஒரு விஷயம் மட்டும்: மோட்டார் கம்பியின் எனாமல் பெரும்பாலும் சால்டரிங் சூட்டுக்கு எரிந்து போகாது. நுனியில் இரண்டு மில்லிமீட்டருக்கு பிளேடால் சுரண்டிச் செம்பு தெரிந்த பிறகு ஈயம் பூசி வைத்துக்கொள்ளுங்கள். எல்ஈடியின் இரண்டு முனையிலும் துளி பிளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பசை) தடவி, துளி ஈயம் வைத்து, கம்பி நுனியை அதன்மேல் வைத்து 25 வாட் அயர்னின் கூர்முனையால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். அதற்குமேல் அழுத்தினால் எல்ஈடியின் பிளாஸ்டிக் உருகி முனை கழன்று வந்துவிடும்.

கை நடுங்குகிற வயதா? எனக்கும்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒரு பையனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்களிடம் மைக்ராஸ்கோப் இருக்கிறது, இதைவிடப் பொடியான சாமான்களைத் தினமும் மாற்றுகிறார்கள். "இவ்வளவுதானா ஐயா?" என்று கேட்டுவிட்டு, டீ வருவதற்குள் வரிசையாகப் பற்றவைத்துக் கொடுத்தான்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பற்றவைத்த இடத்தை ஐசோபிரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் கட்டாயம் துடைக்க வேண்டும். பிளக்ஸ் மிச்சமும் நம் ஊர் உப்புக் காற்றும் சேர்ந்தால் முடி போன்ற செம்புக் கம்பி பச்சை பிடித்து அறுந்துவிடும். தகரம் பற்றவைக்கிற ஆசிட் பிளக்ஸை இந்த வேலைக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

எது பிளஸ், எது மைனஸ்? எல்ஈடியின் முதுகில் பச்சைக் கோடோ குறியோ இருக்கும்; ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவதால் அதை நம்ப வேண்டாம். மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்துத் தொட்டால் சரியான பக்கத்துக்கு மினுக்கென்று எரியும். அந்தக் கம்பியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

இப்போது கணக்கு. சி.ஆர். 2032 பட்டன் செல் 3 வோல்ட். சிவப்பு எல்ஈடி தனக்கென்று 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1 வோல்ட்டைத் தாங்குவது ரெசிஸ்டரின் வேலை. 2.2 கிலோ ஓம் போட்டால் அரை மில்லி ஆம்பியருக்கும் கொஞ்சம் குறைவாக ஓடும். அதன் வண்ணக் கோடுகள் சிவப்பு, சிவப்பு, சிவப்பு. சிவப்பு விளக்குக்கு மறக்கவே முடியாத ரெசிஸ்டர். செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. ஆக 400 மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும். செல் தளர்ந்துகொண்டே வருமே, அதனால் கொஞ்சம் குறைத்தே எதிர்பாருங்கள்.

அரை மில்லி ஆம்பியரில் வெளிச்சம் போதுமா என்று கேட்பார்கள். போதும் என்பதோடு, அதுதான் சரி. மீட்டர் கேஜ் காலத்தில் மண்ணெண்ணெய் டெயில் லேம்ப்பைக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் கிளம்புவோம். அந்த விளக்கு தன்னைக் காட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்; பெட்டியின் பின்சுவருக்கு வெளிச்சம் அடிக்காது. மாடல் ரயில்களில் நான் பார்க்கும் பெரிய குறை, விளக்கு எரியாதது அல்ல, கண் கூசும்படி எரிவதுதான். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். டெயில் லேம்ப்பின் சிவப்பு மேஜைமேல் விழுந்தால் ரெசிஸ்டரை 4.7 கிலோ ஓமுக்கு மாற்றுங்கள்.

செல்லின் மேல் நேராகப் பற்றவைக்கக் கூடாது. சூடு தாங்காது, ஆபத்தும்கூட. பழைய கம்ப்யூட்டர் மதர்போர்டில் இதே செல்லுக்கான ஹோல்டர் இருக்கும். காயலான் கடையில் ஒரு போர்டு வாங்கிக் கழற்றிக்கொள்ளுங்கள். ஸ்விட்ச்சைப் பெட்டியின் அடியில், விரல் நகம் எட்டும்படி வையுங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் லக்கேஜ் அறையின் மூடியை ஒரு ஸ்க்ரூ போட்டு மூடிவிடுங்கள். பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கிவிட்டால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பின்சுவரில் 1 மில்லிமீட்டர் துளை போட்டு, உள்ளேயிருந்து எல்ஈடியை அதற்கு நேராக வையுங்கள். ஒட்டுவதற்கு முன் உட்சுவருக்குக் கறுப்பு பெயிண்ட் இரண்டு பூச்சு அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்சுவர் முழுக்கச் சிவப்பாக ஒளிரும். ஒட்ட வெள்ளைப் பசையே போதும். நொடியில் பிடிக்கும் சூப்பர் க்ளூ வகை ஆவி விட்டுச் சுற்றிலும் வெள்ளையாகப் படிந்து, பக்கத்து ஜன்னல் பிளாஸ்டிக்கையும் மங்க வைத்துவிடும். வெளிப்பக்கத் துளையில் அதே வெள்ளைப் பசையில் ஒரு துளி வையுங்கள். காய்ந்ததும் குமிழ்க் கண்ணாடி மாதிரி நிற்கும்.

இந்தக் கால டெயில் லேம்ப் மின்னி மின்னி எரிகிறது. அது வேண்டுமென்றால் தானாகவே மின்னும் 5 மில்லிமீட்டர் சிவப்பு எல்ஈடி விற்கிறார்கள், பட்டன் செல்லிலேயே ஓடும். அதை லக்கேஜ் அறைக்குள் படுக்க வைத்து, அதன் தலையிலிருந்து பின்சுவர் துளைவரை ஒரு பிளாஸ்டிக் ஒளியிழையை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் போடும் பொம்மைக் கடைகளில், நுனியில் ஒளிரும் நார்க்கொத்து விளக்கு கிடைத்தால் ஒன்று வாங்கி வையுங்கள். அதன் நார்களே ஒளியிழையாக ரொம்ப நாளைக்கு வரும்.

சரி, அடுத்தது பெட்டிக்குள் வெளிச்சம். இதற்குத் தண்டவாளத்துக் கரண்ட் வேண்டும். சக்கரம் உலோகமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு அச்சிலும் ஒரு பக்கம் இன்சுலேட் ஆகியிருக்க வேண்டும். மெல்லிய பாஸ்பர் பிரான்ஸ் தகட்டை நறுக்கிச் சக்கரத்தின் உட்புறம் லேசாக உரசும்படி போகியில் (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டத்தில்) பொருத்துங்கள். அழுத்தம் கூடினால் எஞ்சின் இழுக்கத் திணறும். இரண்டு போகியிலிருந்தும் எடுத்தால் மினுக்கல் குறையும். வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் சாதாரண டி.சி. கன்ட்ரோலரில் வண்டி பின்னால் ஓடும்போது பிளஸ், மைனஸ் மாறிவிடும். அதனால் கரண்ட் எப்படி வந்தாலும் ஒரே பக்கமாகத் திருப்பிவிடும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் ஒன்று நடுவில் தேவை. நான்கு 1என்4148 டையோடுகளிலேயே செய்துவிடலாம். பிரிட்ஜில் 1.4 வோல்ட், வெள்ளை எல்ஈடியில் 3 வோல்ட் கழிந்தால் 12 வோல்ட்டில் மிச்சம் 7.6. ஒவ்வொரு எல்ஈடிக்கும் தனித்தனியாக 4.7 கிலோ ஓம் போட்டால் ஒன்றரை மில்லி ஆம்பியர் சொச்சம் ஓடும். பிரிட்ஜுக்குப் பிறகு 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால் அழுக்குத் தண்டவாளத்தில் விளக்கு கண் சிமிட்டாது. வெட்டி ஒட்டும் 12 வோல்ட் எல்ஈடி ஸ்ட்ரிப் டி.சி. வண்டிக்குச் சரிப்படாது. மூன்று எல்ஈடி வரிசையாக இருப்பதால் 9 வோல்ட் வரும்வரை விழிக்காது. வண்டி மெதுவாகப் போனால் பெட்டி இருட்டு.

நிறத்துக்கு வார்ம் ஒயிட். பழைய பெட்டிகளில் குண்டு பல்புதான், அச்சு சுழல்வதால் ஓடும் டைனமோவும் அடியில் தொங்கும் பேட்டரிகளும்தான் அதற்குக் கரண்ட் கொடுத்தன. டைனமோ பெல்ட் அறுந்துபோனால் பேட்டரி இறங்கி, அந்தப் பெட்டி மட்டும் அழுது வடியும். ராத்திரி பாசஞ்சரில் போனவர்களுக்கு இது நினைவிருக்கும். ஆகவே ஆறு பெட்டி ஓட்டுகிறவர்கள் ஒன்றில் மட்டும் 22 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள். பார்க்கிறவர்கள் "அதில் ஏதோ ரிப்பேர்" என்பார்கள். நம் லைன் தெரிந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார்கள்.

எஞ்சினுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டி.சி.யில் ஹெட்லைட்டுக்கு பிரிட்ஜ் வேண்டாம். எல்ஈடி ஒரு பக்கக் கரண்டுக்குத்தான் எரியும் என்பதால் முன்னோக்கிப் போகும்போது மட்டும் தானாக எரியும். ஆனால் தலைகீழ் வோல்டேஜை எல்ஈடி அதிகம் தாங்காது, வரிசையில் ஒரு 1என்4148 சேருங்கள். டிஜிட்டல் கட்டளையில் ஓடும் டி.சி.சி. முறையில், அந்தக் கட்டளையைப் படிக்கும் டிகோடர் உள்ள எஞ்சினென்றால் நீல ஒயர் பொதுவான பிளஸ், வெள்ளை ஒயர் முன் விளக்கு, மஞ்சள் ஒயர் பின் விளக்கு. எல்ஈடிக்கு ரெசிஸ்டர் அங்கேயும் வேண்டும், 1 கிலோ ஓமிலிருந்து தொடங்கி மேலே போங்கள். பயன்படாத ஒயர்களின் நுனியை ஒவ்வொன்றாக ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டு மூடிய பிறகுதான் தண்டவாளத்தில் வைக்க வேண்டும். எஞ்சின் உடலுக்குள் நீல ஒயர் வேறு எதையாவது தொட்டுவிட்டால், அடுத்த டிகோடருக்கு மறுபடி காசு எடுத்து வைக்க வேண்டியதுதான்.