சுகாதார உத்தரவு வந்தால் யாரைப் பிடிப்பது?

"டபிள்யூ.எச்.ஓ. சொல்லிப்போட்டுதாம், திரும்ப ஊரை மூடப் போறாங்களாம்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால், முதலில் அடியில் யாருடைய கையெழுத்து இருக்கிறதென்று பாருங்கள். டபிள்யூ.எச்.ஓ., அதாவது உலக சுகாதார ஸ்தாபனம், இருக்கும் ஜெனீவாவின் கையெழுத்தை வைத்து நிலாவெளியில் ஒரு தேத்தண்ணிக் கடையைக்கூட மூட முடியாது. 2025 மே மாதம் ஏற்றுக்கொள்ளப்பட்ட பெருந்தொற்று உடன்படிக்கையிலேயே, ஊரடங்கு போடவோ தடுப்பூசியைக் கட்டாயமாக்கவோ நாடுகளுக்கு உத்தரவிடும் அதிகாரம் உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு இல்லை என்று எழுதியிருக்கிறது. இலங்கையில் அந்த அதிகாரம் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தில் கிடக்கிறது, அதன் கீழ் கொழும்பு அரசாங்கம் போடும் ஒழுங்குவிதி வர்த்தமானியில் வரும். வர்த்தமானி இலக்கம் கேளுங்கள். இல்லையா, பார்வர்ட் பண்ணாதீர்கள்.

சரி, அப்போ ஜெனீவாவுக்கு என்ன வேலை? எங்கள் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பலைப் பாருங்கள். எலி, பூச்சி, தண்ணீர், சமையலறை எல்லாம் சோதித்துக் கொடுத்த சுகாதாரச் சான்றிதழ் அதில் இருக்க வேண்டும், 6 மாதம்தான் செல்லும், ஆனால் எந்த நாட்டுத் துறைமுகத்திலும் அதே கடதாசி. இது ஸ்தாபனத்தின் 2005ஆம் ஆண்டு சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளின் வேலை. நாடு இதைவிடக் கடுமையாகவும் போகலாம், ஆனால் அறிவியல் காரணம் காட்ட வேண்டும்.

அந்தக் காரணத்தைக் கேட்பதில்தான் நாங்கள் பின்னிற்கிறோம். 2020 மார்ச்சில் ஸ்தாபனம், கொவிட் உடல்களைப் புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்றது. ஏப்ரலில் கொழும்பு, எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி போட்டது. 2021 பெப்ரவரிக் கடைசி வரைக்கும் அதுதான் சட்டம். இறந்தவரைப் புதைப்பதே வழக்கமான முஸ்லிம்கள் நிறைந்த மூதூர், கிண்ணியா ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே நாட்டின் இறைமை, எங்கள் முடிவு எங்கள் கையில் என்றதும் கை தட்டாமல், வர்த்தமானியையும் ஸ்தாபனத்தின் வழிகாட்டலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

டெங்கு, அழுக்குக் கிணறு மாதிரி ஊர்ப் பிரச்சினைக்குக் கொழும்புக்கு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1987இன் 13ஆம் திருத்தத்தோடு சுகாதாரத்தின் பெரும்பகுதி மாகாணத்துக்கு வந்துவிட்டது. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோருக்குப் போய்ப் பி.எச்.ஐ.யை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) பிடியுங்கள், அசையவில்லையென்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். குப்பை என்றால் உள்ளூராட்சி சபை.

எங்கேயும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "இந்த முடிவுக்கு எந்த ஆவணத்தைப் பார்த்தீர்கள், பிரதி தாருங்கள்" என்று தமிழிலேயே எழுதித் தகவல் அலுவலரிடம் கொடுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும், அதனால் திகதி போட்ட பற்றுச்சீட்டு வாங்காமல் கந்தோரை விட்டு வெளியே வராதீர்கள்.