இரவு 1 மணிக்குத் திணறிய டேட்டாபேஸ்

நான்கு சர்வர்கள், அவற்றுக்குள் மென்பொருளாக ஓடும் 160 மெய்நிகர் கணினிகள். இவற்றை நிர்வகிக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருளில் எல்லாவற்றுக்கும் சேர்த்து இரவு 1 மணிக்கு ஒரே பேக்கப் என்று வைத்தது நான்தான், சோம்பல், வேறென்ன! அந்த நேரத்தில் டேட்டாபேஸ் திணறுவதாகப் புகார் வந்ததும் நெட்வொர்க்கைச் சந்தேகித்து இரண்டு இரவுகளை வீணடித்தேன்.

ஒவ்வொரு சர்வரும் தன் கணினிகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்கும். ஆனால் நான்கும் ஒரே நேரத்தில் தொடங்கும். பேக்கப் சர்வரோ ஒன்றே ஒன்று. இன்னும் நகலெடுக்காத பகுதியில் கணினி ஏதாவது எழுத முயன்றால், அங்கிருந்த பழைய தரவு பேக்கப் சர்வருக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே நெரிசல், இங்கே டேட்டாபேஸ் நிற்கிறது.

சர்வருக்கு ஒரு அட்டவணையாகப் பிரித்து, இரவு 10 மணியிலிருந்து 90 நிமிட இடைவெளி விட்டேன். டேட்டாபேஸ்களைத் தனியே பிரித்து, ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2 பதிப்பில் வந்த ஃப்ளீசிங் வசதியை இயக்கினேன். இதில் பழைய தரவு முதலில் அந்தந்த சர்வரிலேயே உள்ள வேகமான எஸ்எஸ்டி வட்டில் இறங்கிவிடும்; பேக்கப் சர்வருக்காகக் காத்திருக்க வேண்டாம். புகார் நின்றது.

ஞாயிறு இரவு மட்டும் பேக்கப் இழுக்கிறது. அப்டேட்டுக்காக முழுதாக அணைத்துத் தொடங்கும் கணினிகளில் கடைசி பேக்கப்புக்குப் பின் எந்தப் பகுதிகள் மாறின என்ற குறிப்பு அழிந்துவிடுவதால், வட்டு முழுவதையும் மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு இடைவெளியை இரண்டரை மணி நேரமாக்கியிருக்கிறேன்.