ஒரே ஆட்டத்தைப் பார்த்து இரு அணிகளையும் எடைபோடும்போது நேரும் தவறுகள்

பேஸ்பால் ஆட்டத்தை வெறுமனே பார்ப்பது ஓர் இன்பம் என்றால், ஆடும் இரு அணிகளின் வீரர் பட்டியலையும் மனத்துக்குள் எடைபோட்டபடி பார்ப்பது அதனினும் ஆழமான இன்பம். ஆனால் கண்முன் நடக்கும் மூன்று மணி நேரம், தான் காட்டக்கூடியதைவிடக் கூடுதலாகக் காட்டிவிட்டதாக நம்மை நம்பவைத்துவிடும். இங்கே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த நம்பிக்கையிலிருந்தே பிறக்கின்றன.

முதல் தவறு, ஸ்கோரை அணியின் தரத்துக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. அமெரிக்காவின் மேஜர் லீக்கில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. 2001ஆம் ஆண்டில் சியாட்டில் மரினர்ஸ் 116 ஆட்டங்களை வென்று, ஒரு பருவத்தில் மிக அதிக வெற்றிகள் என்ற சாதனையைச் சமன்செய்தது. அந்த அணியும் 46 முறை தோற்றது. 2024இல் 121 தோல்விகளைச் சந்தித்த சிகாகோ வைட் சாக்ஸ்கூட 41 ஆட்டங்களில் வென்றது. அந்த 41இல் ஒன்றை மட்டும் பார்த்தவர் என்ன முடிவுக்கு வந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பருவம் முழுவதற்குமான வெற்றிக் கணக்கும் ஏமாற்றக்கூடியதே. 2023இல் சான் டியாகோ பாட்ரெஸ், எதிரணிகளுக்குக் கொடுத்ததைவிட 104 ரன்கள் கூடுதலாக எடுத்திருந்தும், ஒன்பது இன்னிங்ஸில் சமனாகிக் கூடுதல் இன்னிங்ஸுக்குச் சென்ற 14 ஆட்டங்களில் 12ஐ இழந்து, 82 வெற்றி, 80 தோல்வி என்ற நடுத்தர நிலையில் பருவத்தை முடித்தது. எனவே, ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டத்தைக் கொண்டு எந்தப் பட்டியல் வலுவானது என்று சொல்வது, நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதற்குச் சற்றே மேலானது, அவ்வளவுதான்.

இரண்டாவது தவறு, பேட்டருக்குப் பந்தை எறியும் பிட்சர்களைப் பற்றியது; இதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள், ஓர் அணியின் முதன்மைப் பந்துவீச்சாளர் அநேகமாக எல்லா ஆட்டங்களிலும் இருப்பார் என்று எதிர்பார்ப்பார்கள். பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள் வழக்கமாக ஐவர், முறைவைத்து வருவார்கள். ஓர் அணி தன் சிறந்த பிட்சரையும், மற்றது தன் ஐந்தாம் பிட்சரையும் களமிறக்கிய நாளில் நீங்கள் பார்ப்பது இரு பட்டியல்களின் மோதலன்று, சுழற்சி அன்று எங்கே நின்றது என்பதைத்தான். ஆட்டம் தொடங்குமுன் இருவரும் தத்தம் அணியில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டாலே பாதித் தவறு நீங்கிவிடும்.

பிட்சரின் பெயரில் எழுதப்படும் வெற்றி, தோல்விக் கணக்கையும் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் 2018இல், தடுப்பாளர்களின் பிழையால் வந்தவற்றை நீக்கிப் பார்த்தால், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.70 ரன்களே கொடுத்தார்; ஆனால் அவருடைய அணியினர் அவருக்குத் தேவையான ரன்களை எடுத்துக்கொடுக்காததால் அவர் கணக்கில் 10 வெற்றிகளும் 9 தோல்விகளும் எழுதப்பட்டன. நல்லவேளையாக, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுக்கு வாக்களித்தவர்கள் அந்தக் கணக்கைப் பொருட்படுத்தாமல் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

இடையில் வரும் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னை மதிப்பிடுவது இன்னும் கடினம், ஏனெனில் காகிதத்தில் உள்ள புல்பென் வேறு, அன்றிரவு கையில் உள்ள புல்பென் வேறு. மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரின், 2020ஆம் ஆண்டு ஆறாவது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். டாம்பா பே ரேஸ் அணியின் பிளேக் ஸ்னெல், 73 பந்துகளில் 9 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றி), இரண்டு ஹிட் (பேட்டர் பந்தை அடித்துப் பேஸை அடைவது) மட்டுமே கொடுத்திருந்த நிலையில், 1-0 என்ற முன்னிலையோடு ஆறாவது இன்னிங்ஸில் மாற்றப்பட்டார். ஒரே பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கும் பேட்டர்கள் பொதுவாகச் சிறப்பாக ஆடுகிறார்கள் என்ற பொதுவான அறிவு அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது. மாற்றாக வந்த நிக் ஆண்டர்சன், அந்த ஆண்டின் வழக்கமான பருவத்தில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 0.55 ரன்களே கொடுத்தவர். ஆனால் அந்த அக்டோபரில் அவர் தொடர்ந்து ரன் கொடுத்துவந்தார். எதிரணியான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அந்த இன்னிங்ஸிலேயே முன்னிலை பெற்று, 3-1 என்று வென்று கோப்பையையும் கைப்பற்றியது. பருவத்தின் எண்ணை மட்டும் பார்த்தவருக்கு ஆண்டர்சன் அரிய பிட்சர்; அண்மைய வாரங்களைப் பார்த்தவருக்கோ அவர் களைத்த பிட்சர். ஆகையால் கடந்த மூன்று, நான்கு நாள்களில் யார் எத்தனை பந்துகள் எறிந்தார்கள் என்று பார்க்காமல் புல்பென்னைக் குறைகூறவோ புகழவோ கூடாது. ஏழாவது இன்னிங்ஸில் அறிமுகமற்ற ஒருவர் வந்தால், நல்லவர்கள் அணியில் இல்லை என்பதைவிட, அவர்கள் நேற்றும் முந்தாநாளும் எறிந்திருக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

மூன்றாவது தவறு, ஆடுபவர்களை மட்டும் எண்ணுவது. பருவத்தின் பெரும்பகுதியில் ஓர் அணியில் 26 பேர் இருக்கலாம், செப்டம்பரில் 28 பேர். அந்த 26இல் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. (ஷோஹேய் ஓத்தானியைப் போல எறியவும் அடிக்கவும் வல்ல இருவழி வீரர் என்ற தகுதியைப் பெற்றவர் இந்த 13இல் சேரமாட்டார், அப்படி ஒருவர் இருப்பது அணிக்கு ஓர் இடத்தைக் கூடுதலாகப் பெற்றுத்தருகிறது.) மீதியுள்ளவர்களில் ஒன்பது பேர் பேட் செய்யும் வரிசையில் இடம்பெற, பெஞ்சில் எஞ்சுவது வழக்கமாக நால்வரே. அவர்களுள் ஒருவர் மாற்றுக் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவர்). ஒருமுறை வெளியே எடுக்கப்பட்டவர் அந்த ஆட்டத்தில் திரும்பிவர முடியாது என்பதால், அந்த நால்வரின் தரம் கடைசி இன்னிங்ஸ்களில்தான் தெரியும். 2004ஆம் ஆண்டு அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில், முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்துவிட்ட பாஸ்டன் ரெட் சாக்ஸ், நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாம் இன்னிங்ஸில் ஒரு ரன் பின்தங்கியிருந்தபோது, டேவ் ராபர்ட்ஸை மாற்று ஓட்டக்காரராக இறக்கியது. அவர் இரண்டாம் பேஸைத் திருடி (பந்து எறியப்படும்போதே ஓடி அதை எட்டி), சமன்செய்யும் ரன்னையும் எடுத்தார். பாஸ்டன் அந்தத் தொடரையே வென்றது. தொடக்க வரிசையை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தவரின் கணக்கில் ராபர்ட்ஸ் இருந்திருக்கவே மாட்டார்.

தொடக்க வரிசையும்கூட அணியின் நிலையான முகமன்று. இடக்கை பிட்சர் எறியும் நாளில் வலக்கை பேட்டர்களை நிறைத்து அனுப்புவது வழக்கம். ஆகவே நீங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்த ஒன்பது பேர், புதன்கிழமை அதே ஒன்பது பேராக இருக்க வேண்டியதில்லை. காயப் பட்டியலில் உள்ளவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்: பேட்டர்களுக்குக் குறைந்தது 10 நாள், பிட்சர்களுக்கு 15 நாள், நீண்ட காயத்துக்கு 60 நாள் என்ற பிரிவுகளில் எதில் யார் இருக்கிறார்கள் என்பதைக் கொண்டே அவர் அடுத்த வாரம் வருவாரா, பல வாரங்கள் ஆகுமா என்று கணிக்க முடியும்.

தடுப்பாட்டத்தை மதிப்பிடுவதில்தான் தொலைக்காட்சி நம்மை மிகவும் ஏமாற்றுகிறது. பாய்ந்து விழுந்து பந்தைப் பிடிப்பவரைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். பந்து அடிபட்ட கணத்திலேயே சரியான திசையில் ஓடத் தொடங்கி, நின்றபடி எளிதாகப் பிடித்தவரைக் காட்டமாட்டார்கள். பிழைக் கணக்கும் இதே குறையுடையது. பந்தை எட்டாமல் போனவருக்குப் பொதுவாகப் பிழை எழுதப்படுவதில்லை; ஓடி எட்டி, கையில் பட்டுத் தவறவிட்டவருக்கு எழுதப்படலாம். பிழை குறைவாக உள்ளவர் நல்ல தடுப்பாளர் என்று முடிவுகட்டுவது, ஓடாதவருக்குப் பரிசு கொடுப்பதாகும். மைதானத்தில் நேரில் பார்ப்பவருக்கு இங்கே பெரும் நன்மை உண்டு. பந்து அடிபடும் கணத்தில், பந்தை விட்டுவிட்டு மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்கும் ஏதாவதொரு அவுட்ஃபீல்டரின் முதல் அடியைப் பாருங்கள். சில இன்னிங்ஸ்களுக்குள்ளேயே அவரைப் பற்றி ஓரளவு தெரிந்துவிடும்.

மைதானத்தை மறப்பதும் அடிக்கடி நேர்வது. டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் உயரத்தில் உள்ளதால், மெல்லிய காற்றில் பந்து கூடுதல் தொலைவு பறக்கிறது. வளைய வேண்டிய பந்தோ குறைவாக வளைகிறது. பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடப்புறம் 37 அடி உயரச் சுவர் நிற்கிறது. அங்கே சுவரில் பட்டுத் திரும்பும் பந்து, வேறிடத்தில் பிடிபட்டிருக்கலாம், எல்லையைத் தாண்டிப் பறந்து ஹோம் ரன்னாகவும் போயிருக்கலாம்.

அப்படியானால் ஒரே ஆட்டத்தில் எதைத்தான் நம்பலாம்? ஒருவர் நான்கு முறை பேட் செய்து எத்தனை ஹிட் எடுத்தார் என்பதை நம்ப முடியாது. அடிக்கத் தகுந்த பந்துகளுக்கென வகுத்த ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போகும் பந்துகளை அவர் விட்டுவிடுகிறாரா, துரத்துகிறாரா என்பதையும், அடித்த பந்து எவ்வளவு வலுவாகப் போனது என்பதையும் ஓரளவு நம்பலாம். பிட்சரின் பந்து முதல் இன்னிங்ஸில் இருந்த வேகத்திலேயே ஐந்தாவதிலும் வருகிறதா என்பதை உறுதியாகப் பார்க்கலாம்.

நான் கடைசியில் வைத்திருக்கும் தவறுதான் திருத்துவதற்கு மிகக் கடினமானது. நமக்குப் பிடித்த அணியை ஒரு பருவத்தின் நினைவோடும், எதிரணியை அன்றைய இரவின் காட்சியோடும் அளக்கிறோம். நம் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்கும் தடுப்பாளர்) பந்தைத் தவறவிட்டால் ‘இன்று அவருக்கு நல்ல நாளில்லை’ என்கிறோம். எதிரணியின் ஷார்ட்ஸ்டாப் தவறவிட்டால் ‘இவருக்குக் கை சரியில்லை’ என்கிறோம். இதற்கு நான் கைக்கொண்டிருக்கும் வழி எளியது. ஆட்டத்துக்கு முன்பே இரு அணிகளைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததை ஒரு தாளில் சம அளவில் எழுதிக்கொள்கிறேன். எதிரணியின் பக்கம் காலியாக இருந்தால், நிரப்பும் அளவுக்குப் படித்த பிறகே ஆட்டத்தைப் பார்க்க உட்காருகிறேன். கண்ணால் கண்டதைத் தாளின் மறுபுறம் எழுதுகிறேன். முன்பக்கத்தில் எதையாவது திருத்த நேர்ந்தால், அந்த வீரரின் அடுத்த சில ஆட்டங்களைப் பார்க்கும்வரை அதைப் பென்சிலால்தான் திருத்துகிறேன்.